அவன் உனக்கு யார்?

பர்மா பஜாரில் வாங்கிய டிவிடி அது. ஒரே வட்டில் நான்கு படங்கள் அடைத்து விற்பார்கள். 2005. சென்னையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். என் அறைத் தோழி ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பேய்ப் படம் என்றால் அவளுக்கு உயிர். வார்டன் பத்து மணிக்குப் படுத்துவிடுவார். ஹாலில் இருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை இரவு 'ஹாலோவீன்' படத்தையும் மறுநாள் அதன் இரண்டாம் பாகத்தையும் பார்த்தோம். முதல் படம் 1978-இல் வந்தது, இரண்டாவது 1981-இல். எங்களுக்கு இடைவெளி ஒரே நாள்.

ஒரே நாள் இடைவெளியில் பார்த்ததால்தானோ என்னவோ, இரண்டுக்கும் நடுவே என்ன நடந்திருக்கிறது என்பது உறைத்தது. முதல் படம் முடிந்தபோது அழுதேன். இரண்டாவது முடிந்தபோது கோபமாக இருந்தது. இரண்டுக்கும் அப்போது எனக்குக் காரணம் தெரியவில்லை. தோழி, "பயந்துட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1963, அக்டோபர் 31. அமெரிக்காவில் குழந்தைகள் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் இரவு. ஹாடன்ஃபீல்டு என்ற கற்பனை ஊரில் மைக்கேல் மையர்ஸ் என்ற ஆறு வயதுப் பையன் தன் அக்காவைச் சமையலறைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். பதினைந்து வருடம் கழித்து மனநல மருத்துவமனையிலிருந்து தப்பித்து அதே ஊருக்கு வருகிறான். பக்கத்து வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகும் இருவர் உட்பட மூன்று பள்ளி மாணவிகளைப் பின்தொடர்கிறான். இருவர் சாகிறார்கள். லோரி பிழைக்கிறாள். (சரியான உச்சரிப்பு 'லாரி'க்குத்தான் பக்கம். அப்படி எழுதினால் மணல் லாரிதான் கண் முன் வருகிறது.)

கதை இவ்வளவுதான். ஆனால் தொடக்கத்தில் வரும் அந்த அக்கா கொலையை விட்டால், படத்தின் முதல் பாதியில் அந்த ஊரில் கொலையே கிடையாது. பட்டப்பகல். மரங்கள் வரிசையாக நிற்கும் சாலை. லோரி புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கிறாள். வீட்டுத் தரகரான அப்பா சொன்னதற்காக, பூட்டிக் கிடக்கும் மையர்ஸ் வீட்டு வாசலில் சாவியை வைக்கப் போகிறாள். உள்ளிருந்து ஒருவன் அவளைப் பார்க்கிறான். வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு கார் நிற்கிறது. வீட்டுக்குப் போகிறாள். சாலையோரப் புதர் வேலிக்குப் பக்கத்தில் அவன் நிற்கிறான். தோழி ஆனி போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. கேலி செய்கிறாள். தன் அறைக்குப் போய் ஜன்னல் வழியே பார்க்கிறாள் லோரி. கொடியில் துணிகள் காய்கின்றன, நடுவே அவன். மறுபடி பார்த்தால் இல்லை.

அவன் ஒன்றும் செய்யவில்லை. நிற்கிறான், பார்க்கிறான், அவ்வளவுதான். அதைத்தான் நான் தாங்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி வந்த பிறகு எனக்கு அவ்வளவு பயமில்லை.

*

எனக்குப் பத்தொன்பது வயதில் ஒருவன் ஏழு மாதம் பின்னால் வந்தான். எங்கள் ஊர் திருச்சியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கல்லூரி விட்டு மாலையில் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வந்தால், பழக்கடைக்குப் பக்கத்தில் நிற்பான். நான் ஏறும் பஸ்ஸில் ஏறுவான். பாதி வழியில் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிடுவான். ஒரு வார்த்தை பேசியதில்லை. கடிதம் கொடுத்ததில்லை, சிரித்ததில்லை. முகம்கூட இப்போது சரியாக நினைவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும், அது நினைவிருக்கிறது.

கூட வரும் பெண்களிடம் சொன்னேன். அவர்கள் திரும்பிப் பார்க்கும்போது அவன் பழக்கடையில் விலை கேட்டுக்கொண்டிருப்பான். "அவன் பாட்டுக்கு நிக்கறான், உனக்கேன்டி?" என்றாள் ஒருத்தி. அந்த வேலிக் காட்சியில் ஆனி செய்வதும் இதேதான். ஆனியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்றுமே நடக்காதபோது எதைக் காட்டி நம்பச் சொல்வது?

பிறகு ஒரு நாள் அவன் பாதி வழியில் இறங்கவில்லை. எங்கள் ஊர் நிறுத்தம் வரை வந்தான். நான் இறங்கினேன், அவனும் இறங்கினான். கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன் எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டு பேரும் ஒண்ணாதானே?" என்று கேட்டார். டிக்கெட்டுக்காகக் கேட்டிருக்கலாம். நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு முக்கால் கிலோமீட்டர், அதில் பாதி கரும்புக்கொல்லை. பாதி வழியில் துப்பட்டாவைப் பிடித்தான். பிறகு கையை. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வைத்திருந்த பையைச் சுழற்றி அடித்தேன். நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. அவன் அப்போதும் ஒன்றும் பேசவில்லை. நான் ஓடிவிட்டேன்.

அடித்ததைவிட அதன் பிறகு நடந்ததுதான் நீளம். அப்பா காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மனு எழுதிக்கொண்டிருந்தவர் முதலில் கேட்டது, "அவன் உனக்கு எப்படிப் பழக்கம்?" பழக்கமே இல்லை என்றேன். "பேர் என்ன?" தெரியாது. "பேர் தெரியாதவனா ஏழு மாசம் பின்னாலயே வந்தான்?" பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். அப்பாவைத் தனியாக அழைத்துப் பேசினார்கள். வெளியே வந்த அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. மனுவை வாங்கிக்கொண்டோம். என் கல்லூரிப் படிப்பின் மூன்றாம் ஆண்டு அஞ்சல் வழியில் முடிந்தது. அவன் யார் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

*

முதல் படத்துக்கு வருகிறேன். ஜான் கார்பென்டர் இயக்கியது. கதை வசனத்தை அவரோடு சேர்ந்து எழுதித் தயாரித்தவர் டெப்ரா ஹில் என்ற பெண். அந்தப் பெண்கள் மூவரும் பேசிக்கொள்ளும் பேச்சு பெரும்பாலும் அவர் எழுதியது. கற்பனை ஊரின் பெயரும் நியூஜெர்சியில் அவர் பிறந்த ஊரின் பெயர்தான். படம் தொடங்கும்போது கொலைகாரனின் கண் வழியாகவே கேமரா வீட்டைச் சுற்றி, மாடிப்படி ஏறி, முகமூடிக்குள்ளிருந்து பார்க்கும். ஒரு சின்னக் கை இழுப்பறையைத் திறந்து கத்தியை எடுக்கும். அந்தக் கை டெப்ரா ஹில்லுடையது. அது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடிவதில்லை.

சுமார் மூன்று லட்சம் டாலரில், கோடைக்கு முன்பே கலிஃபோர்னியாவில் எடுத்தார்கள். இலையுதிர்காலம் போலக் காட்ட இலைகளுக்குச் சாயம் பூசி, தூவி, எடுத்து முடித்ததும் பொறுக்கி அடுத்த இடத்தில் தூவினார்கள். முகமூடி, 'ஸ்டார் டிரெக்' தொடரின் கேப்டன் கிர்க் பாத்திரத்துக்காகக் கடையில் விற்றது. வெள்ளை அடித்து, கண்ணோட்டையைப் பெரிதாக்கினார்கள். அவ்வளவுதான், முகமே இல்லாமல் போய்விட்டது. படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலில் முகமூடி போட்டவனை 'மைக்கேல்' என்று போடவில்லை, 'உருவம்' என்று போட்டிருக்கிறார்கள்.

அந்த உருவம் ஏன் லோரியைத் தேர்ந்தெடுத்தது? படம் சொல்லவில்லை. அவள் வாசலுக்கு வந்தாள், அவன் உள்ளே இருந்தான், பார்த்தான். பேருந்து நிலையத்தில் நான் நின்றேன், பழக்கடைக்குப் பக்கத்தில் அவன் நின்றான். அதற்கு மேல் என்னிடமும் விளக்கம் இல்லை.

இந்தப் படத்தைப் பெண்களுக்கு எதிரானது என்று சொன்னவர்கள் உண்டு. காதலனோடு படுத்தவர்கள் சாகிறார்கள், நல்ல பெண் பிழைக்கிறாள் என்பது அவர்கள் வாதம். பிழைக்கும் பெண்ணுக்கு 'இறுதிப் பெண்' என்று பெயர் வைத்தவர் கரோல் குளோவர். 1987-இல் ஒரு கட்டுரையில் எழுதி, 1992-இல் புத்தகமாக விரித்தார். தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் பையன்கள்கூடக் கடைசியில் கொலைகாரனை விட்டுவிட்டு அந்தப் பெண்ணோடு சேர்ந்து ஓடுகிறார்கள், அவள் கண்ணால் பார்க்கிறார்கள் என்பது அவர் கவனித்த விஷயம். முக்கியமான கவனிப்பு. ஆனால் 'நல்ல பெண்' விவாதத்தில் எனக்கு வேறொன்றுதான் தோன்றும். லோரி முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை போட்டிருக்கிறாள், பையன்களோடு பேசக் கூச்சப்படுகிறாள், அப்பா சொன்ன வேலையைச் செய்யத்தான் அந்த வாசலுக்கே போகிறாள். அப்படியும் அவன் வருகிறான். நல்ல பெண்ணாக இருந்தது அவளுக்கு எந்த வேலியும் போடவில்லை. காவல் நிலையத்தில் நான் என்ன உடை போட்டிருந்தேன் என்று கேட்டபோது, அதே உடையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அவளைக் காப்பாற்றியது பின்னல் ஊசி. பிறகு அலமாரியில் இருந்த கம்பி ஹேங்கர். வீட்டில் கிடப்பவை. டிபன் பாக்ஸ் போல.

இன்னொரு காட்சி இருக்கிறது. எதிர்வீட்டில் தோழிகளின் பிணங்களைப் பார்த்துவிட்டு, காயத்தோடு தெருவுக்கு ஓடி வரும் லோரி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கத்துகிறாள். வாசல் விளக்கு எரிகிறது. ஜன்னல் திரையை விலக்கி யாரோ பார்க்கிறார்கள். பிறகு விளக்கு அணைகிறது. ஒரு நிமிடம்கூட வராத காட்சி. படத்தில் நான் அழுத இடம் அது.

*

மறுநாள் இரண்டாம் பாகம். முதல் படம் முடிந்த அதே நிமிடத்தில் தொடங்குகிறது, அதே இரவு. நல்ல யோசனைதான். ரிக் ரோசன்தால் இயக்கம், எழுதியது பழையபடி கார்பென்டரும் டெப்ரா ஹில்லும். செலவு 25 லட்சம் டாலர். முதல் படம் அமெரிக்காவில் மட்டும் நாலரைக் கோடி டாலருக்கு மேல் வாரிக் குவித்திருந்தது. நடுவில் 1980-இல் 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' வந்து ரத்தத்தை அண்டா அண்டாவாகக் காட்டிவிட்டது. ரோசன்தால் எடுத்துக் கொடுத்தது சாதுவாக இருக்கிறதென்று கார்பென்டரே கூடுதலாக ரத்தக் காட்சிகள் எடுத்துச் சேர்த்தார். முதல் படத்தில் ரத்தம் அநேகமாகக் கண்ணில் படாது. இரண்டாவதில் ஊசி, ஸ்கால்பெல், கொதிநீர் என்று மருத்துவமனையில் உள்ள எல்லாமே ஆயுதம். கொலைகளும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

லோரியை ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். தூக்க மருந்து வேண்டாம் என்கிறாள் அவள். போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு படத்தின் பெரும்பகுதி அவள் படுக்கையில் கிடக்கிறாள். முந்தைய படத்தில் கதவைப் பூட்டி, குழந்தைகளை வெளியே அனுப்பி, ஹேங்கரை வளைத்துக் குத்தியவள் இங்கே கண்ணைத் திறக்கவே சிரமப்படுகிறாள். ஜேமி லீ கர்ட்டிஸ் நடுவில் முடியை வெட்டியிருந்ததால் விக் வேறு. அது துருத்திக்கொண்டு தெரிகிறது. கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் தவழ்ந்து போகிறாள். உதவிக்கு வந்த கார் கண் முன்னால் நிற்கிறது. கூப்பிட வாயைத் திறக்கிறாள், குரல் வரவில்லை. அந்த ஒரு காட்சியில் மட்டும் இரண்டாம் பாகம் முதல் படத்தின் பக்கத்தில் வந்து நிற்கிறது என்பேன்.

என் தோழி பார்த்தது வேறு படம். "ஏன்டி, இது ஆஸ்பத்திரியா? ஒரு பேஷண்ட்கூட இல்லை!" அவள் சொன்னது உண்மை. நீண்ட நடைபாதைகள், பாதி அணைந்த விளக்குகள், லோரியையும் சில கைக்குழந்தைகளையும் தவிர நோயாளி என்று யாரும் கண்ணில் படுவதில்லை. தலைமை நர்ஸ், தாமதமாக வந்ததற்குத் திட்டு வாங்கும் நர்ஸ், புதிதாக வந்தவள் போல மிரளும் நர்ஸ் என்று ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஒரு நர்ஸின் முதுகில் ஸ்கால்பெல்லைச் செருகி அப்படியே தூக்குகிறான் மைக்கேல். அவளுடைய வெள்ளை ஷூக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழுகின்றன. அதைப் பார்த்து தோழி பேசாமல் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க ஃபுளோர்ல நைட்ல லிஃப்ட்டுக்குப் பக்கத்து லைட்டு எரியாது. மூணு மாசமாச் சொல்றோம்" என்றாள். மறுநாள் அவளுக்கு நைட் டியூட்டி.

எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன். மைக்கேலின் டாக்டரை ஒரு காரில் ஊரைவிட்டுக் கூட்டிப் போகிறார்கள். கூட வரும் நர்ஸ் ஒரு ரகசியக் கோப்பைப் பற்றிச் சொல்கிறாள்: லோரி, மைக்கேலின் சொந்தத் தங்கை. அவனை அடைத்தபோது அவளுக்கு இரண்டு வயது. பெற்றோர் இறந்தபின் தத்துக் கொடுக்கப்பட்டவள். டாக்டருக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. காரைத் திருப்பச் சொல்கிறார்.

சம்பந்தப்பட்டவள் அந்தக் காரில் இல்லை. மருந்து மயக்கத்தில் வரும் ஒரு கனவில் பழைய நினைவு கொஞ்சம் தலைகாட்டும், அவ்வளவே. அவள் யார் என்பதை வேறு இரண்டு பேர் பேசி முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு அந்தப் பேனாவும் மேஜையும் ஞாபகம் வந்தன. "அவன் உனக்கு எப்படிப் பழக்கம்?" முதல் படம் பதில் சொல்ல மறுத்த கேள்விக்கு, மூன்று வருடம் கழித்து இரண்டாம் படம் பயந்துபோய்ப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டது. உறவு. அண்ணன் தங்கை. அதோடு அது ஒரு குடும்ப விஷயம் ஆகிவிடுகிறது. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிம்மதியாக மூச்சு விடலாம், நமக்கு அப்படி ஒரு அண்ணன் இல்லையே! பக்கத்து வீட்டுக்காரர் விளக்கை அணைத்ததுகூட அவ்வளவு தப்பில்லை, அது அவர்கள் வீட்டுச் சண்டை.

நம்மூர்ப் பத்திரிகைகளில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. ஒருதலைக் காதல். பெண் வெட்டப்பட்டிருப்பாள், அல்லது எரிக்கப்பட்டிருப்பாள். அவனோடு அவள் பேசிக்கூட இருக்க மாட்டாள். தலைப்பில் 'காதல்' இருக்கும். ஒரு தலையில்தான் இருந்தது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் அந்தத் தலைக்குத்தான் தலைப்பு. பின்தொடர்வதே குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு சேர்ந்தது 2013-இல்தான். சட்டத்தில் அதற்குக் 'காதல்' என்று பெயரில்லை. செய்தி எழுதுகிறவர்களுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

எழுதியவர்களில் ஒருவர் டெப்ரா ஹில் என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. முதல் படத்தில் மூன்று பெண்கள் சும்மா பேசிக்கொண்டு நடக்கும் நடையை அவ்வளவு உண்மையாக எழுதியவர். இரண்டாவதில் ஆனி ஒரு பிணம். அவளுடைய அப்பாவான ஷெரிப் துணியை விலக்கி முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார், அதோடு முடிந்தது. ஆனி கேலி செய்து லோரியோடு முடிச்சுப் போட்ட பையனையும் யாரோ என்று நினைத்து வண்டி மோதி எரித்துவிடுகிறார்கள். பெண்களுடைய பேச்சில் பிறந்த ஒவ்வொன்றும் இந்தப் படத்தில் ஒவ்வொன்றாகத் துடைக்கப்படுகிறது. கார்பென்டர் பிற்பாடு இந்தத் தங்கைக் கதையைப் பற்றி நல்லபடியாகப் பேசியதில்லை. எழுதும்போது கதை கிடைக்காமல் ராத்திரியில் பீரோடு உட்கார்ந்திருந்ததைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்.

இதைவிட விசித்திரம் ஒன்று பிறகு தெரிந்தது. முதல் படத்தை அமெரிக்கத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தபோது சில காட்சிகளை வெட்ட வேண்டியிருந்தது, நேரம் குறைந்தது. அதை நிரப்ப, இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டிருந்தபோதே முதல் படத்துக்கென்று சில புதுக் காட்சிகளை எடுத்துச் சேர்த்தார் கார்பென்டர். அதில் ஒன்றில், மைக்கேல் தப்பித்துப் போன அறையின் கதவில் ஒரு சொல் கீறப்பட்டிருக்கும்: 'சிஸ்டர்'. அதாவது 1978-இல் இல்லாத உறவை 1981-இல் கண்டுபிடித்து, 1978-க்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் முதன்முறை பார்த்தவர்களுக்கு அது ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்தது.

*

நாலு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், என் அத்தை என் மகளிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "உங்கம்மாவைக் கட்டிக்கணும்னு ஒரு பையன் ஒத்தக்கால்ல நின்னான் தெரியுமா? தூரத்துச் சொந்தம்தான். உங்க தாத்தாதான் குடுக்க மாட்டேன்னுட்டாரு. மண்டையை வேற உடைச்சுப்புட்டா உங்கம்மா." அத்தை சிரித்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். கதவில் யாரோ கீறி வைத்துவிட்டார்கள், எப்போது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தையின் மேல் கோபப்பட முடியவில்லை. அந்தச் சமயத்தில் என்னோடு ராத்திரி படுத்துக்கொண்டவர் அவர்தான். எனக்கு அஞ்சல் வழியில் பணம் கட்டச் சொல்லி அப்பாவிடம் சண்டை போட்டவரும் அவரே. சொந்தக்காரப் பையன், கல்யாண ஆசை என்று சொன்னால் அந்தக் கதை வீட்டுக்குள் அடங்கிவிடுகிறது. வெளியே சொல்லத் தோதாக இருக்கிறது. என்னையும் ஒருவிதத்தில் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லத் தொடங்கியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள், "யாரும்மா அது?"

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தெரியாது என்று மட்டும் சொன்னேன். முழுதாகச் சொன்னது போன வருடம், அவளோடு உட்கார்ந்து 2018-இல் வந்த 'ஹாலோவீன்' பார்த்த இரவில். அந்தப் படத்தை டேவிட் கோர்டன் கிரீன் இயக்கியிருக்கிறார். பெயரும் வெறும் 'ஹாலோவீன்'தான். நடுவில் வந்த எல்லாத் தொடர்ச்சிகளையும் தள்ளிவிட்டு, 1978-க்கு நேரடியான இரண்டாம் பாகம் நான்தான் என்கிறது. லோரிக்கு இப்போது பேத்தி இருக்கிறாள். பேத்தியின் நண்பன் ஒருவன், அவன் உங்கள் பாட்டிக்கு அண்ணன்தானே என்று கேட்க, இல்லை, அது சனங்களாகக் கிளப்பிவிட்டது என்று நடந்துகொண்டே சொல்லிவிடுகிறாள் அவள். ஒரே வரி. நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து மகள் படத்தை நிறுத்தினாள்.

அந்தப் படத்தில் எனக்குக் குறைகள் உண்டு. கொலைகள் அதிகம், நகைச்சுவை சில இடங்களில் ஒட்டவில்லை. ஆனால் லோரி! காட்டுக்குள் வீட்டைச் சுற்றி வேலி, கேமரா, சமையலறை மேடைக்கு அடியில் பதுங்கு அறை, குறி பார்த்துச் சுடப் பழக பொம்மைகள். மகளைச் சிறு வயதிலேயே துப்பாக்கியோடு வளர்த்ததால், பன்னிரண்டு வயதில் அந்தப் பெண்ணை அரசாங்கமே எடுத்துக்கொண்டு போய்விட்டது. மகளுக்கு அம்மாவைக் கண்டாலே எரிச்சல். நாற்பது வருடமாக லோரி அவனுக்காகக் காத்திருக்கிறாள். அவனோ அவளைத் தேடி வரவே இல்லை. கவனித்துப் பார்த்தால், அவனை அவள் வீட்டுப் பக்கம் காரில் போட்டுக் கொண்டுவருவது அவனுடைய புது டாக்டர். இருவரும் சந்தித்தால் என்ன நடக்கும், இவன் ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ளும் வெறியில் அந்த டாக்டர் ஒரு போலீஸ்காரரைக் குத்தவும் செய்கிறார். இவன் ஏன் இப்படி என்ற கேள்வியே அங்கே ஒரு உயிரை வாங்கப் பார்க்கிறது.

அவன் என்னை மறந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். நான் சத்திரம் பேருந்து நிலையத்தில் இப்போதும் பழக்கடைப் பக்கம் நிற்க மாட்டேன். மகள் ஏழு மணிக்கு டியூஷன் விட்டு வரும்போது ஃபோனில் பேசிக்கொண்டே வர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பேச ஒன்றுமில்லாவிட்டால் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லச் சொல்வேன். லோரியின் பதுங்கு அறையைக் காட்டியபோது மகள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "பதினேழாம் வாய்ப்பாடு" என்றாள்.

படத்தின் முடிவில் அந்தப் பதுங்கு அறைக்குள் லோரியின் மகள் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, என்னால் முடியவில்லை அம்மா என்று அழுகிறாள். மேலே வாசலில் அவன் வந்து நிற்கிறான். சட்டென்று அவள் முகம் மாறுகிறது. அழுகை நடிப்பு. சுடுகிறாள். நாற்பது வருடம் ஒளிந்துகொள்ளக் கட்டிய இடம் என்று நாம் நினைத்தது அவனைப் பிடிக்கக் கட்டிய பொறி. மகள் கைதட்டினாள். அதன் பிறகுதான் டிபன் பாக்ஸ் கதையைச் சொன்னேன், சீப்பு, கண்டக்டர், பேனா எல்லாம். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப அவன் சொந்தக்காரன் இல்லையா?" என்றாள். இல்லை. "ஆனா எல்லாரும்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். திண்ணையில் உட்கார்ந்து அத்தை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பேச்சு எங்கெங்கோ போய், ஒத்தக்காலில் நின்ற பையனிடம் வந்தது. நான் உள்ளே பாலை இறக்கிக்கொண்டிருந்தேன். மகளின் குரல் கேட்டது.

"சொந்தமெல்லாம் இல்ல பாட்டி. யாருன்னே தெரியாது."

கொஞ்ச நேரம் மொச்சை உரிக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"யாருன்னே தெரியாதவன் எதுக்குடி பின்னால வரப்போறான்?" என்றார் அத்தை.